விட்ட மீன் பிழைக்குமா? பதில் தூண்டில் முள்ளில் இருக்கு

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னப் பொருளைப் பற்றி. தூண்டில் முள். தூண்டில், ரீல், நரம்பு, பெட்டி எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா அதில் ரொம்ப மலிவானது இந்த முள்தான். ஆனா நீங்க பிடிச்சுத் திரும்ப விடுற மீன் பிழைக்குமா, சாகுமாங்கிறதில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறதும் அதுதான்.

ரீல்ஸில் ஒரு வகை வீடியோ அடிக்கடி வரும். ஒருத்தர் ஒரு பெரிய பாரையைத் தூக்கிக் காட்டுவார், சிரிப்பார், அப்புறம் தண்ணிக்குள்ள விடுவார். மீன் வாலை ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடும். கீழே ‘கேட்ச் அண்ட் ரிலீஸ்’னு போட்டிருக்கும். கமெண்ட் முழுக்க கைதட்டல். அதோட வீடியோ முடிஞ்சிடும்.

என்னை மாதிரி கோடு எழுதுற ஆட்களுக்கு இது ரொம்பப் பழக்கமான நிலைமை. டிப்ளாய் பண்ணியாச்சு, டிக்கெட்டை மூடியாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. அது அங்கே உண்மையிலேயே ஓடுதான்னு பார்க்க ஒரு மானிட்டரிங்கும் இல்லை. வாலைத் தட்டிட்டுப் போன மீன் மூணு மணி நேரம் கழிச்சு என்ன ஆச்சு? மூணு நாள் கழிச்சு? கரையில் நிற்கிற நமக்குத் தெரியவே தெரியாது.

ஆனா சிலர் அதைப் போய்ப் பார்த்திருக்காங்க. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

இருபதுக்கு இருபது

அட்லாண்டிக் கடலில் வெள்ளை மார்லின்னு ஒரு மீன் உண்டு. நம்ம கடற்கரையில் மயில் மீன்னு சொல்றோமே, ஈட்டி மாதிரி மூக்கோட முதுகில் பாய் விரிச்ச மீன், அதோட குடும்பம். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காக ஆழ்கடலுக்குப் போறவங்க இதைப் பிடிச்சுப் பெரும்பாலும் திரும்ப விட்டுடுவாங்க.

வர்ஜீனியாவைச் சேர்ந்த ஹோரோடிஸ்கி, கிரேவ்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2005ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. விடுற மீன்களின் உடம்பில் ஒரு சாட்டிலைட் டேகைப் பொருத்தி விட்டாங்க. சில நாள் கழிச்சு டேக் தானாகக் கழன்று மேலே மிதந்து வந்து, மீன் எந்த ஆழத்தில் நீந்துச்சு, உயிரோட இருந்துச்சாங்கிற தரவை அனுப்பும். நான் மேலே சொன்ன மானிட்டரிங் இதுதான்.

ரெண்டு வகை முள்ளை ஒப்பிட்டாங்க. ஒண்ணு வழக்கமான ஜே முள். இன்னொன்று சர்க்கிள் முள். வகைக்கு 20 மீன். ஜே முள்ளில் பிடிச்சு விட்ட 20 மீனில் 7 செத்துப்போச்சு. சர்க்கிள் முள்ளில் பிடிச்சு விட்ட 20 மீனில் ஒண்ணுகூடச் சாகலை.

“இருபது மீன் போதுமா, தற்செயலா இருக்கலாமே?”ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முள்ளுக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லாம இருந்து, செத்த ஏழும் தற்செயலா ஒரே பக்கம் விழறதுக்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே.

இன்னொன்றையும் கவனிங்க. விடும்போது அந்த ஏழு மீனும் உயிரோடதான் இருந்துச்சு. விட்டவங்க கணக்கில் எல்லாமே நல்லபடியா முடிஞ்ச கதை.

எங்கே குத்துது?

ஒரு முள் எப்படி இவ்வளவு வித்தியாசம் பண்ணும்? இதைப் புரிஞ்சுக்க மீனோட வாயிலிருந்து ஆரம்பிக்கணும்.

ஜே முள் குடைக் கைப்பிடி மாதிரி. தண்டு நேரா இறங்கி, கீழே வளைஞ்சு, முனை மேலே பார்த்து நிற்கும். முனை திறந்தே இருக்கிறதால எதில் பட்டாலும் குத்தும். உதட்டில் பட்டா உதட்டில். மீன் இரையை விழுங்கிட்டா தொண்டையில், செவுளில், இரைப்பையில். மீனுக்கு இதயம் செவுளுக்குப் பின்னாலேயே கீழ்ப்பக்கம் இருக்கு. தொண்டையில் ஒரு முள் ஏறினா அது எதுக்குப் பக்கத்தில் போய் நிற்குதுன்னு யோசிச்சுப் பாருங்க.

சர்க்கிள் முள் கிட்டத்தட்ட வளையம். முனை மட்டும் கிளி மூக்கு மாதிரி உள்பக்கம், தண்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். முதல்முறை பார்க்கிறவங்க “இது எதைக் குத்தப் போகுது?”ன்னுதான் கேட்பாங்க. அந்தச் சந்தேகத்திலேயே விடை இருக்கு. அது உள்ளே எதையும் சுலபமா குத்தாது. மீன் இரையை விழுங்கிட்டுத் திரும்பி நீந்தும்போது நரம்பு இறுகும். முள் தொண்டையிலிருந்து வழுக்கிக்கிட்டு வெளியே வரும். தண்டு வாயைத் தாண்டி வெளியே வந்ததும், நரம்பு இழுக்கிற கோணத்தில் முள் சுழலும். அப்பதான் முனை வாய்மூலைக்கு வந்து தாடையைச் சுற்றிப் பிடிக்கும். அங்கே முக்கியமான உறுப்பு எதுவும் இல்லை. கழற்றுறதும் சுலபம்.

2005ல் பார்த்தலோமியூ, போன்சாக்னு ரெண்டு பேர் இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் தொகுத்தாங்க. மொத்தம் 274 இறப்பு மதிப்பீடுகள். விட்ட மீனில் எவ்வளவு சதவீதம் செத்துச்சுன்னு பார்த்தா, 0 முதல் 95 வரைக்கும் இருக்கு. சராசரி 18. நடு மதிப்பு 11. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அவங்க சொன்ன முதல் காரணம், முள் உடம்பில் எங்கே குத்துச்சுங்கிறதுதான்.

அதாவது ‘பிடிச்சு விட்டேன்’ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள எல்லா மீனும் பிழைச்ச கதையும் இருக்கு, கிட்டத்தட்ட எல்லாமே செத்த கதையும் இருக்கு.

இது புதுசு இல்லை

ஏதோ புதுக் கம்பெனி கண்டுபிடிப்புன்னு நினைச்சிடாதீங்க. இந்தோனேசியாவில் அலோர்னு ஒரு தீவு. அங்கே சுமார் 12,000 வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்லறையைத் தொல்லியல் ஆய்வாளர்கள் தோண்டினாங்க. தாடையைச் சுற்றி ஐந்து தூண்டில் முள் வெச்சுப் புதைச்சிருந்தாங்க. எல்லாம் கடல் சிப்பியில் செதுக்கினது. ஐந்தில் ஒண்ணு ஜே வடிவம். மீதி நாலும் வளைய வடிவம். பசிபிக் தீவுகளிலும் எலும்பிலும் சிப்பியிலும் இதே வடிவத்தைத் தலைமுறை தலைமுறையா செஞ்சிருக்காங்க.

அவங்க மீனைத் திரும்ப விடுறதுக்காகச் செய்யலை. கடிச்ச மீன் தப்பாம இருக்கணும்னுதான் செஞ்சாங்க. வட பசிபிக்கில் ஹாலிபட் பிடிக்கிற வணிகப் படகுகள் 1980களின் தொடக்கத்தில் சர்க்கிள் முள்ளுக்கு மாறினதும் இரக்கத்தில் இல்லை. அதில் மீன் அதிகமா மாட்டுச்சு. அதனால ‘மீனுக்கு நல்லதுன்னா எனக்கு மீன் மாட்டாது’ன்னு பயப்பட வேண்டாம்.

ஒன்பது சதவீதம் சின்ன எண்ணா?

இப்போ ஒரு கணக்கு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஸ்ட்ரைப்ட் பாஸ்னு ஒரு மீன், லட்சக்கணக்கான பேர் பொழுதுபோக்குக்குப் பிடிக்கிற மீன். அங்கே மீன்வளக் கணக்கு எடுக்கிறவங்க, பிடிச்சு விட்ட மீனில் 9 சதவீதம் சாகும்னு வெச்சுக் கணக்குப் போடுறாங்க. நூறில் தொண்ணூற்றொன்று பிழைக்குது. நல்ல எண்ணாத்தானே தெரியுது?

2017ஆம் வருஷக் கணக்கு வந்தபோது, மீன்பிடிப்பால் செத்த ஸ்ட்ரைப்ட் பாஸில் 48 சதவீதம் பொழுதுபோக்குத் தூண்டில்காரங்க *திரும்ப விட்டு* அப்புறம் செத்த மீன். அவங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போன மீன் அதைவிடக் குறைவு, 42 சதவீதம். சாப்பிடப் பிடிச்சதைவிட, காப்பாத்தினதா நினைச்சு விட்டதில் அதிகம் செத்திருக்கு.

இதில் யாரும் கெட்டவங்க இல்லை. சின்ன எரர் ரேட்டைப் பெரிய எண்ணிக்கையோட பெருக்கினா இப்படித்தான் வரும். தினம் கோடி ரிக்வெஸ்ட் வர்ற சர்வரில் ஒரு சதவீதம் ஃபெயில் ஆனா என்ன ஆகும்னு நம்மில் பலருக்குத் தெரியும்.

அதனால அந்தக் கரையோர மாநிலங்களின் மீன்வள ஆணையம் ஒரு விதி கொண்டுவந்துச்சு. 2021லிருந்து, இரை வெச்சு ஸ்ட்ரைப்ட் பாஸ் பிடிக்கிறவங்க சர்க்கிள் முள்தான் போடணும். மார்லின் குடும்ப மீன்களுக்கான அட்லாண்டிக் போட்டிகளில் இயற்கை இரை போட்டா சர்க்கிள் முள்தான்னு 2008லேயே விதி வந்தாச்சு. ஒவ்வொருத்தரையும் பார்த்து ‘மீனைப் பக்குவமா விடுங்க’ன்னு கெஞ்சுறதைவிட, முள்ளை மாத்துறது எளிது. டிஃபால்ட் செட்டிங்கைச் சரியா வெச்சா, மேனுவலைப் படிக்காதவங்களும் தப்பிச்சிடுவாங்க. அதே யோசனைதான்.

கடையில் எதைப் பார்த்து வாங்கணும்?

சரி, இப்போ நடைமுறை. ஈசிஆர் பக்கமோ, கழிமுகத்திலோ, அனுமதி வாங்கி ஏதாவது ஏரியிலோ வார இறுதியில் தூண்டில் போடுறவங்களுக்கு.

முதல் விஷயம், பாக்கெட்டில் ‘சர்க்கிள்’னு போட்டிருந்தா மட்டும் போதாது. முள்ளை எடுத்து மேஜையில் வைங்க. தட்டையா படுத்துச்சுன்னா நல்லது. முனை ஒரு பக்கமா சாய்ஞ்சு மேஜையிலிருந்து தூக்கிக்கிட்டு நின்னா, அதுக்கு ஆஃப்செட் முள்னு பேர். முனை பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிறதால அது தொண்டையிலேயே குத்திடும். 2002ல் மயில் மீன்களில் பார்த்தப்போ, 15 டிகிரி சாய்ஞ்ச சர்க்கிள் முள் 44 சதவீத மீன்களில் ஆழமா குத்தியிருந்துச்சு. ஜே முள்ளில் அது 46 சதவீதம். பேர் சர்க்கிள், வேலை ஜே. சாய்வே இல்லாததிலும், 4 டிகிரி மாதிரி லேசான சாய்வு உள்ளதிலும் இந்தப் பிரச்சினை ரொம்பக் குறைவு. பத்து செகண்டில் முடியுற இந்த மேஜை சோதனையைக் கடையிலேயே பண்ணிடுங்க.

ரெண்டாவது, அளவு. முனைக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் தாடையைச் சுற்றிப் பிடிக்கப் போகுது. மீனின் தாடை அதுக்குள்ள நுழையணும். 4/0, 6/0ன்னு போட்டிருக்கிற எண் எல்லா பிராண்டிலும் ஒரே அளவு கிடையாது. எண்ணைப் பார்க்காம இடைவெளியைக் கண்ணால பாருங்க. அந்த இடைவெளியை இரையால அடைச்சுடாதீங்க. ஜே முள்ளில் இறாலை முழுசா உள்ளே ஏற்றி மறைச்சுப் பழகினவங்க அதே பழக்கத்தில் இதையும் செய்வாங்க. இதில் முனை திறந்து வெளியே தெரியணும். இறாலை ஓரத்தில் ஒரு குத்து, அவ்வளவு போதும்.

மூணாவது, பார்ப். முனைக்குக் கீழே பின்பக்கம் பார்த்து ஒரு குட்டி முள் இருக்குமே, குத்தினது கழறாம இருக்க, அதான் பார்ப். அதைக் குறடால நசுக்கிடலாம். நசுங்கிச்சான்னு பார்க்க, பழைய காட்டன் துணியில் குத்தி இழுங்க. நூல் மாட்டாம வந்தா சரி. பார்ப் இல்லைன்னா இறப்பு நேரடியா பெரிசா குறையும்னு நான் சொல்ல மாட்டேன். ட்ரவுட் மீன்களைப் பற்றின ஆய்வுகளை 1997ல் தொகுத்துப் பார்த்தபோது, பார்ப் உள்ளதுக்கும் இல்லாததுக்கும் இறப்பில் சொல்லும்படியான வித்தியாசம் வரலை. ஆனா முள்ளைக் கழற்றுற நேரம் குறையும். அந்த நேரத்தோட விலை என்னன்னு கொஞ்சம் கழிச்சுச் சொல்றேன். அதோட, உங்க விரலில் ஏறினாலும் சுலபமா வெளியே வரும். அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

நாலாவது, உலோகம். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முள் நீண்ட காலம் உழைக்கும். மீனுக்குள்ள மாட்டினாலும் அதே அளவு உழைக்கும். சாதாரண எஃகு முள்ளே போதும். மெக்சிகோ வளைகுடாவில் பாறை மீன்களுக்கு இயற்கை இரை போடும்போது ஸ்டெயின்லெஸ் அல்லாத சர்க்கிள் முள்தான் போடணும்னு 2008ல் விதி வந்தது இதுக்காகத்தான். ஆனா ‘துருப்பிடிச்சுத் தானா விழுந்திடும்’னு அதையே நம்பிக்கிட்டு மீனை அலட்சியமா விடாதீங்க. துரு ஒரு ராத்திரியில் வேலை செய்யாது.

அஞ்சாவது, லூர் போடுறவங்களுக்கு. பிளாஸ்டிக் மீன் பொம்மையில் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு மூணுமுனை முள் தொங்கும். மொத்தம் ஆறு முனை. ஒரு கொடுவா ஒரு முள்ளில் மாட்டித் துள்ளும்போது இன்னொரு முள் கண்ணிலோ செவுளிலோ ஏறும். மூணுமுனை முள்ளை விழுங்குறது கஷ்டங்கிறதால சில சமயம் அது ஆழமா போகாதுங்கிறதும் உண்மை. ஆனா கழற்றுறதுதான் பாடு. அந்த ரெண்டையும் எடுத்துட்டு ஒற்றை முனை முள் போட்டுக்கலாம். எடை மாறினா லூர் நீந்துற விதம் கொஞ்சம் மாறும். கரையோரமா ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துச் சரிபண்ணிக்கங்க.

முள் மாறினா கையும் மாறணும்

சர்க்கிள் முள் வாங்கினவங்களில் நிறைய பேர் முதல் நாளே வெறுத்துப் போயிடுவாங்க. “கடிக்குது, இழுக்கிறேன், வெறுமனே வருது.” காரணம், அந்த ‘இழுக்கிறேன்’தான்.

மீன் கடிச்சதும் தூண்டிலைப் பட்டுன்னு மேலே வெட்டி இழுக்கிறது நம்ம கையில் ஊறின பழக்கம். ஜே முள்ளுக்கு அது வேணும். சர்க்கிள் முள்ளில் அப்படி இழுத்தா, முள் சுழல நேரமே இல்லாம வாயிலிருந்து நேரா வெளியே வந்திடும். மீன் கடிச்சா எதுவும் செய்யாதீங்க. அது திரும்பி நீந்தட்டும். நரம்பு இறுகட்டும். அப்புறம் நிதானமா ரீலைச் சுற்றுங்க. அவ்வளவுதான். மீதி வேலையை முள்ளோட வடிவமே பார்த்துக்கும். கஷ்டமான விஷயம், கையைச் சும்மா வெச்சிருக்கிறதுதான்.

தூண்டிலைக் கரையில் ஊன்றி வெச்சுட்டு டீ குடிக்கப் போற பழக்கம் இருந்தா, அதையும் விட்டுடுங்க. இரையை விழுங்க மீனுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ, முள் அவ்வளவு உள்ளே போகும்.

அப்படியும் உள்ளே போயிட்டா?

எவ்வளவு நல்ல முள்ளா இருந்தாலும் சில மீன் ஆழமா விழுங்கத்தான் செய்யும். வாயைத் திறந்து பார்க்கிறீங்க, முள் கண்ணுக்கே தெரியலை. அப்போ எல்லாருக்கும் வர்ற முதல் எண்ணம், “ஐயோ பாவம், முள்ளோட விடக் கூடாது, எப்படியாவது எடுத்துடணும்.” குறடை உள்ளே விட்டுக் குடைய ஆரம்பிப்பாங்க.

அந்த இரக்கம்தான் மீனைக் கொல்லுது. கனடாவில் புளூகில்னு ஒரு சின்ன மீனை வெச்சு 2009ல் வெளியான ஆய்வு இது. ஆழமா முள் போன மீன்களில் ஒரு கூட்டத்துக்கு முள்ளைக் கழற்றினாங்க. இன்னொரு கூட்டத்துக்கு நரம்பை மட்டும் வாய்க்குப் பக்கத்தில் வெட்டிட்டு முள்ளை உள்ளேயே விட்டாங்க. பத்து நாள் கழிச்சு, முள்ளைக் கழற்றின மீனில் 44 சதவீதம் செத்திருந்துச்சு. நரம்பை வெட்டினதில் 12.5 சதவீதம். அது மட்டும் இல்லை, அதே பத்து நாளில் வெட்டி விட்ட மீனில் 70 சதவீதத்துக்கு மேல் முள்ளைத் தாங்களே வெளியேற்றிடுச்சு.

அதனால பெட்டியில் ஒரு கத்தரிக்கோல் கட்டாயம். முள் கண்ணுக்குத் தெரியலைன்னா நரம்பை எவ்வளவு குட்டையா வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டையா வெட்டி விட்டுடுங்க. முள்ளோட விலை ஒரு டீ காசு.

இப்போ, பார்ப் பற்றிப் பேசும்போது சொன்ன அந்த நேரத்தோட விலை. 1992ல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ்னு ரெண்டு பேர் ரெயின்போ ட்ரவுட்டை வெச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. ஊட்டிப் பக்கம் ட்ரவுட்னு சொல்றோமே, அதே குடும்பம். மீனை முழுசா களைச்சுப் போற வரை ஓடவிட்டு, அப்படியே தண்ணீரில் விட்டதில் 12 மணி நேரத்தில் செத்தது 12 சதவீதம். களைச்ச மீனை 30 செகண்ட் காற்றில் வெச்சிருந்து விட்டதில் 38 சதவீதம். 60 செகண்ட் வெச்சதில் 72 சதவீதம்.

ஒரு நிமிஷம். ஃபோனை எடுத்து, லாக்கைத் திறந்து, நண்பன்கிட்ட கொடுத்து, “இல்லடா, இன்னொன்னு எடு”ன்னு சொல்ற நேரம். மீனைத் தண்ணிக்குள்ளேயே வெச்சு முள்ளைக் கழற்ற முடிஞ்சா, காற்றில் இருக்கிற நேரம் பூஜ்யம். பார்ப் நசுக்கின, வாய்மூலையில் மாட்டின முள்ளில்தான் அது முடியும். முள் தேர்வும் காற்று நேரமும் தனித்தனி விஷயம் இல்லை.

எல்லாத்துக்கும் மருந்து இல்லை

இந்த எண்கள் எல்லாம் வெவ்வேறு மீனுடையது. மார்லினில் வந்த வித்தியாசம் உங்க ஏரியில் கிடைக்கிற ஜிலேபியிலும் அப்படியே வரும்னு சொல்ல முடியாது. மீனுக்கு மீன் வாய் வேற, கடிக்கிற விதம் வேற. 2004ல் குக், சஸ்கினு ரெண்டு பேர் சர்க்கிள் முள் ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தப்போ, மொத்தத்தில் இறப்பு சுமார் பாதியா குறைஞ்சது தெரிஞ்சுது. ஆனா சில சின்ன மீன்களில் அதே முள் கண்ணில் போய் ஏறின உதாரணமும் இருந்துச்சு. அதனால அவங்க சொன்னது, மீனுக்கு மீன் சோதிச்சுப் பாருங்கன்னுதான். நம்மாலயும் அது முடியும். ஒரு நாள் பிடிக்கிற மீனில் எத்தனை வாய்மூலையில் மாட்டுச்சு, எத்தனை உள்ளே போச்சுன்னு ஃபோன் நோட்ஸில் குறிச்சு வைங்க. நாலு வாரத்தில் உங்க முள் சரியா இல்லையான்னு உங்க தரவே சொல்லும்.

இன்னொரு கேள்வியும் இருக்கு. சாப்பிடப் போறதில்லைன்னா எதுக்குப் பிடிக்கணும்? ரெயின்போ ட்ரவுட்டின் முகத்தில் காயத்தை உணர்ற நரம்பு முனைகள் இருக்குன்னு லின் ஸ்னெடன் குழு 2003ல் காட்டினாங்க. மீனுக்கு வலி எப்படிப்பட்டதுங்கிற விவாதம் இன்னும் நடக்குது. சுவிட்சர்லாந்தில், திருப்பி விடுற நோக்கத்தோடேயே மீன் பிடிக்கிறதைச் சட்டம் தடுக்குது. பசிக்குப் பிடிக்கிறது நியாயம், விளையாட்டுக்குக் காயப்படுத்துறது நியாயம் இல்லைங்கிறது அந்தச் சட்டத்தின் பார்வை.

அதைக் கேலி பண்ண எனக்கு மனசில்லை. கேட்கிற உங்களில் சிலர் அந்தப் பக்கம் நிற்பீங்க, நில்லுங்க. எந்த முள்ளும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிடாது. நான் சொல்றது தூண்டிலைக் கையில் எடுக்கிறதுன்னு முடிவு பண்ணினவங்களுக்கு. ‘நான் விட்டுடுவேன்’ங்கிறது நீங்க மீனுக்குக் கொடுக்கிற வாக்கு. அந்த வாக்கைக் காப்பாத்துறது மீனைத் தண்ணியில் விடுற நேரத்தில் இல்லை, முள்ளை முடிச்சுப் போடுற நேரத்தில்.

காவிரியில் ஒரு மீன்

கடைசியா, இது ஏன் நமக்கும் பெரிய விஷயம்னு சொல்லிடுறேன்.

காவிரியில் கூன்முதுகு மஹ்சீர்னு ஒரு மீன் இருக்கு. கெண்டை இனம்தான், ஆனா அளவு வேற. 1946ல் மைசூருக்குப் பக்கத்தில் கபினி ஆற்றில் பிடிச்ச ஒண்ணு 120 பவுண்ட், அதாவது 54 கிலோ. உலகம் முழுக்க இருந்து தூண்டில்காரங்க இந்த மீனுக்காகக் காவிரிக் கரைக்கு வந்தாங்க. கேழ்வரகு உருண்டைதான் இரை. கர்நாடகப் பக்கம் கலிபோரேங்கிற இடத்தில் இருந்த முகாமில், பிடிச்ச மீனை எடை பார்த்து, எழுதி வெச்சு, ஆற்றிலேயே விட்டுடுவாங்க. 1998லிருந்து 2012 வரைக்கும் அப்படி விட்ட மஹ்சீர் ஆறாயிரத்துக்கும் மேல்.

அப்புறம் ஆய்வாளர்கள் அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாங்க. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகிக்கிட்டே போகுது. காவிரிக்கே சொந்தமான கூன்முதுகு மஹ்சீர் வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருது. அதுவரைக்கும் அந்த மீனுக்கு உறுதியான ஒரு அறிவியல் பெயர்கூட இல்லை. 2018ல்தான் அது டோர் ரெமாதேவிங்கிற இனம்னு நிறுவினாங்க. கேரளத்தின் பாம்பாற்றில், அமராவதி வழியா காவிரிக்கு வர்ற அதே பாம்பாற்றில், ஏற்கெனவே விவரிச்சிருந்த இனம் அது. அதே வருஷம் அது அழிவின் விளிம்பில் இருக்கிற இனங்களின் பட்டியலில் சேர்ந்துச்சு. நம்ம மாநிலத்தில் மாயாற்றில் இன்னும் கொஞ்சம் இருக்கு.

அந்த மீனைக் கொல்றது தூண்டில் முள் இல்லை. அணை, மணல் அள்ளுறது, வெடி வெச்சுப் பிடிக்கிறது, வெளி இன மீனைக் கொண்டுவந்து விட்டது, இதெல்லாம்தான். சரணாலயப் பகுதியில் தூண்டில் போடாதீங்க, அதில் பேச்சே இல்லை. ஆனா இதில் நான் எடுத்துக்கிறது ஒண்ணு உண்டு. அந்த மீன் குறையுதுன்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே, பிடிச்சவங்க எழுதி வெச்சு, திரும்ப விட்டதால்தான். விட்ட ஒவ்வொரு மீனும் பிழைச்சிருந்தால்தான் அந்த ஏட்டுக்கும் மரியாதை. ஒரு இனத்தில் கொஞ்சமே மிச்சம் இருக்கும்போது, நிறைய முட்டை போடுற ஒரு பெரிய பெண் மீன் தொண்டையில் முள்ளோட போறதும், உதட்டோரம் ஒரு கீறலோட போறதும் ஒண்ணு கிடையாது.

நீங்க பிடிக்கிறது கொடுவாவோ, பாரையோ, விராலோ, அதோட கணக்கை இன்னும் யாரும் எடுக்காம இருக்கலாம். மஹ்சீர் கணக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்துச்சு.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். உங்க தூண்டில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முள்ளையும் மேஜையில் படுக்க வெச்சுப் பாருங்க. எது தட்டையா படுக்குது, எது படுக்கலைன்னு பிரிங்க. எந்த மீனுக்கு எந்த முள் உங்களுக்கு வேலை செஞ்சுதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் சேர்த்துப் பேசலாம்.